மேஜோடு புராணம்

திருப்பூர் பனியன் டப்பா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்க. கம்பெனி பேருக்குப் பக்கத்துல "ஹோசியரி"ன்னு ஒரு வார்த்தை பல டப்பாக்களில் இருக்கும். பனியன், ஜட்டி, டீ ஷர்ட்னு பின்னலாடை எதுவா இருந்தாலும் நம்ம ஊர்ல அதுக்கு ஹோசியரிதான் பேரு. ஆனா ஆங்கிலத்துல அந்த வார்த்தை பிறந்தது காலுறையில். 'ஹோஸ்' என்றால் காலை மூடும் உறை. அதை விற்பவர் ஹோசியர். அவர் கடைச் சரக்கு ஹோசியரி. வெயிலுக்குப் பயந்து சாக்ஸே போடாத ஒரு ஊரு, சாக்ஸ் தொழில்னு பேர் வச்சுக்கிட்டு உலகத்துக்கே பனியன் பின்னித் தருது. எப்படி வந்துச்சு இந்தப் பேரு?

இந்தக் கேள்வி எனக்கு வந்ததுக்குக் காரணம் என் பெரியம்மா. அதனால முதல்ல பெரியம்மா, அப்புறம் வரலாறு.

பெரியம்மாவைக் கட்டிக் கொடுத்தது மரக்காணம் பக்கம். முப்பது வருஷத்துக்கு மேல உப்பளத்துல வேலை. வருஷத்தோட ஆரம்பத்துல பாத்தி மிதிக்க ஆரம்பிச்சா, ஐப்பசி மழை வந்து அளத்தை மூடுற வரைக்கும் காலு உப்புத் தண்ணியிலதான். செருப்பு போட்டா பாத்தி கெட்டுடும்னு வெறுங்காலு. இப்ப வயசாகி, சக்கரை வியாதியும் வந்து, எங்க வீட்டோட இடையஞ்சாவடியில இருக்காங்க. ஒரு நாள் அவங்க பாதத்துல சீமைக் கருவேல முள்ளு ஏறி இருந்ததை நான்தான் பார்த்தேன். ஏறி ரெண்டு நாளாம். "வலிக்கலியா பெரிம்மா?"ன்னு கேட்டா, "இன்னாடா வலி, அங்க காலு இருக்குதுன்னே தெரியல"ன்னு சொன்னாங்க. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரல.

டாக்டர் சொன்னது சுருக்கமா இதுதான். நரம்புல உணர்ச்சி குறைஞ்சுடுச்சு. தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்க்கணும். விரலிடுக்குல ஈரம் நிக்கக் கூடாது. எம்.சி.ஆர் செருப்பு போடணும், பின்னாடி வார் வச்சது. உள்ளே பருத்தி சாக்ஸ், வெள்ளை நிறத்துல இருந்தா நல்லது. ரத்தமோ சீழோ பட்டா உடனே தெரியும். மேலே எலாஸ்டிக் இறுக்கக் கூடாது. முக்கியமா, விரல் நுனியில தையல் உறுத்தக் கூடாது. நமக்கு அந்தத் தையல் உறுத்தினா கழட்டிச் சரி பண்ணிக்குவோம். உணர்ச்சி இல்லாத காலுக்கு அது தெரியாது. அங்கே சின்னக் கொப்புளம், அது புண்ணாகி, அப்புறம் விரலையே எடுக்குற வரைக்கும் போகும்.

கடையில வாங்கின சாக்ஸை உள்பக்கம் வெளியே திருப்பிப் பாருங்க. விரலுக்கு நேரா ஒரு தடிப்பு ஓடும். அதான் விஷயம். தையல் இல்லாத சர்க்கரை நோயாளி சாக்ஸ் கடையில கிடைக்குது, ஆன்லைன்லயும் கிடைக்குது. ஆனா பெரியம்மா காலு அகலமும் குட்டையும். வாங்கின ரெண்டு ஜோடியும் ஒண்ணு கெண்டைக்கால்ல இறுக்குச்சு, இன்னொண்ணு குதிகால்ல சுருண்டுச்சு. சரி, நாமே பின்னிடலாம்னு இறங்கிட்டேன். ஆம்பளைக்கு என்ன நிட்டிங்னு வீட்ல ஒரே கேலி. பாரீஸ்ல பின்னல்காரர்களுக்குன்னு சங்கம் இருந்தது 16ம் நூற்றாண்டுல. ஐரோப்பாவின் அந்தச் சங்கங்களை நடத்தினவங்க எல்லாம் ஆம்பளைங்கதான்னு பதில் சொல்லிட்டு வேலையைப் பார்த்தேன் :-)

சைக்கிள் கம்பியும் 64 கண்ணியும்

எங்க ஊருக்கு ஒரு வசதி உண்டு. 1968 பிப்ரவரி 28ல் ஆரோவில் ஆரம்பிச்சதிலிருந்து உலகத்துல எந்த நாட்டுக்காரரும் எங்க டீக்கடைக்குப் புதுசு இல்ல. அப்படி ஒரு வயசான வெள்ளைக்கார அம்மா, தமிழும் கொஞ்சம் பேசுவாங்க, அவங்கதான் குரு. முதல் பாடம் ஊசி. சாக்ஸுக்கு ரெண்டு பக்கமும் கூர் இருக்குற சின்ன ஊசி அஞ்சு வேணும். நாலு ஊசி சதுரம் மாதிரி கண்ணிகளைத் தாங்கும், அஞ்சாவது ஊசி பின்னும். அவங்க பழைய செட்டைக் கையில வாங்கிப் பார்த்தா, நம்ம சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி தடிமன்தான், 2 மில்லிமீட்டர். சைக்கிள் கடையில அஞ்சு கம்பி வாங்கி, வெட்டி, முனையை உப்புத்தாள்ல தேய்ச்சு வழவழப்பாக்கினேன். வேலை முடிஞ்சுது.

நூலு பருத்தி. கைத்தறி நூலை நாலைஞ்சு இழை சேர்த்து முறுக்கிக்கிட்டேன். ஒரு துண்டு பின்னி அளந்தா அங்குலத்துக்கு 8 கண்ணி வந்துச்சு. பெரியம்மா கணுக்காலுக்கு மேல சுத்தளவு 8 அங்குலம். எட்டெட்டு அறுபத்துநாலு. 64 கண்ணி போட்டு ஆரம்பிக்கணும். கம்பளியா இருந்தா இழுத்துக்கொடுக்கும்னு கண்ணியைக் குறைச்சுப் போடுவாங்க. பருத்தி அப்படி இழுத்துக்கொடுக்காது, பெரியம்மாவுக்கு இறுக்கமும் ஆகாது. அதனால முழு அளவு.

பின்னல்ல மொத்தமே ரெண்டு அசைவுதான். கண்ணிக்குள்ள முன்பக்கமா ஊசியை விட்டு நூலை இழுத்தா நிட். பின்பக்கமா விட்டு இழுத்தா பர்ல். ரெண்டு நிட், ரெண்டு பர்ல்னு மாத்தி மாத்தி வட்டமா போனா, எலாஸ்டிக் இல்லாமலே சுருங்கி விரியுற பட்டை வரும். காலை இறுக்காம பிடிச்சு நிக்குறது அதுதான்.

இந்த பர்லுக்கும் ஒரு கதை உண்டு. 1562ல் இறந்த ஃப்ளோரன்ஸ் நகரத்து எலியனோரா டி டொலேடோ என்ற சீமாட்டியின் உடலோடு சிவப்புப் பட்டுல பின்னின காலுறைகளும் கிடைச்சுது. பர்ல் கண்ணி இருக்கிற மிகப் பழைய சான்றுகளில் அதுவும் ஒண்ணு. இருக்குறதே ரெண்டு அசைவு, அதுல ஒண்ணு பரவலாகறதுக்கே அவ்வளவு காலம் ஆகியிருக்கு.

எகிப்துக்காரனின் செருப்பு சாக்ஸ்

ரொம்பப் பழைய சாக்ஸ் எங்க இருந்து கிடைச்சுதுன்னு தேடினா, ஐஸ் கொட்டுற நாட்டுல இருந்து இல்ல. எகிப்து பாலைவனத்துல இருந்து! லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல ஒரு ஜோடி இருக்கு. பழைய ஆக்ஸிரிங்கஸ் நகரத்துல கிடைச்சது, கி.பி. 3 முதல் 5ம் நூற்றாண்டுக்குள்ள. சிவப்புக் கம்பளி. கட்டைவிரல் தனியா, மத்த நாலும் சேர்ந்து தனியா. ஏன் தெரியுமா? வார் வச்ச செருப்பு போடணுமே! நம்ம ரப்பர் செருப்புக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். படத்தைக் காட்டினப்ப பெரியம்மா சொன்னது, "பரவால்லியே, நம்மாளுங்க தான்."

ஆனா அது நிட்டிங் இல்ல. காது வச்ச ஒத்தை ஊசியில சின்னச் சின்னத் துண்டு நூலைக் கோத்து முடிச்சு முடிச்சா போற பழைய முறை. அவிழ்த்தா அவிழாது. உண்மையான நிட்டிங், அதாவது ஒரே நூலு கண்ணிக்குள்ள கண்ணியா ஓடுறது, அதுவும் எகிப்துலதான் கிடைச்சுது, ஆனா சில நூற்றாண்டு கழிச்சு. ஏறத்தாழ கி.பி. 11 முதல் 14ம் நூற்றாண்டு. அந்தக் காலுறைகள் எதுல பின்னினதுன்னா, பருத்தியில. அவுரி நீலமும் வெள்ளையுமா, சிலதுல அரபு எழுத்து மாதிரி கோலம் ஓடும். விரல் நுனியில ஆரம்பிச்சு மேல பார்த்துப் பின்னியிருக்காங்க. ஆக வெயில் ஊரு, பருத்தி நூலு, சாக்ஸுன்னு நான் செய்யுறது ஒண்ணும் கோமாளித்தனம் இல்ல. ஆதி சாக்ஸே அப்படித்தான்.

இன்னொரு விஷயம் நம்ம கடற்கரைக்காரங்களுக்கு. கி.பி. முதல் நூற்றாண்டு கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளுஸ்ல, நம்ம கரையில 'பொதுகே', 'சோபட்மா'ன்னு ரெண்டு துறைமுகம் வருது. பொதுகே எங்களுக்குத் தெற்கே இருக்குற அரிக்கமேடுன்னும், சோபட்மா வடக்கே இருக்குற மரக்காணம்னும் ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க. எகிப்தின் செங்கடல் துறைமுகங்களான பெரெனிகே, குசேர் அல்-காதிம் ரெண்டுலயும் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைச்சிருக்கு. குசேர்ல கண்ணன், சாத்தன்னு பேரு. பெரெனிகேல இந்தியப் பானை நிறைய மிளகு. இந்தக் கண்ணனும் சாத்தனும் அந்தக் கரையில யாராவது செருப்போட உறை மாட்டிப் போறதைப் பார்த்திருப்பாங்களோன்னு நினைச்சுக்கிட்டே ரெண்டு வரி பின்னலாம், நேரம் போறதே தெரியாது. ஆனா இது என் கற்பனை மட்டுமே, கல்வெட்டு கேட்காதீங்க.

இடையன் உண்டு, கம்பளி இல்லை

பார்த்திருந்தாலும் ஊருக்கு வந்து ஏன் பின்னல? இதுக்கு எங்க ஊர்ப் பேருலயே பாதி பதில் இருக்கு. இடையன், சாவடி. ஆடு மேய்க்கிறவங்க தங்குற சாவடின்னு பேரைப் பிரிச்சாலே தெரியுது. ஆனா எங்க பக்கத்து ஆடு 'மெட்ராஸ் சிவப்பு'. உடம்புல இருக்குறது குட்டை மயிரு, கம்பளி கிடையாது. சேலம் பக்கத்து மேச்சேரி ஆடும் அப்படித்தான். தமிழ்நாட்டுல கம்பளி தர்ற ஆடுன்னா திருச்சி கறுப்பு, கோயம்புத்தூர்க் குரும்பை, நீலகிரி. நீலகிரி ஆடு 19ம் நூற்றாண்டுல வெளிநாட்டு மெரினோ வகையறாவை இங்கத்து ஆட்டோட கலந்து உருவாக்கினது. குரும்பர்கள் திருச்சி கறுப்பு மாதிரி ஆட்டு மயிருல கம்பளம் செஞ்சாங்க. அதுவும் தறியில நெய்த கம்பளி, பின்னினது இல்ல.

மீதிப் பாதி பதில் நம்ம உடையில இருக்கு. நெசவுக்கு ரெண்டு நூல் கூட்டம் வேணும், பாவும் ஊடையும். குறுக்கும் நெடுக்குமா போகும், தட்டையா வரும், இழுத்தா விரியாது. வேட்டிக்கும் சேலைக்கும் அது போதும். உடம்புல சுத்திக் கட்டுற உடைக்கு விரியுற துணி எதுக்கு? பின்னலுக்கு ஒரே நூலு. கண்ணி கண்ணியா இருக்குறதால இழுத்தா விரியும், விட்டா சுருங்கும். குதிகால் மாதிரி வளைஞ்ச இடத்துல ஒட்டி நிக்க அதுதான் வேணும். வெறுங்காலோட நடக்குற ஊருக்கு அது தேவைப்படல. பாண்டிச்சேரியில இருந்து நீலத்துணி கப்பல் கப்பலா ஆப்பிரிக்கா வரைக்கும் போயிருக்கு. உலகத்துக்கே துணி குடுத்த கரைதான் இது. நமக்குத் தொழில் தெரியாம இல்ல, அந்தச் சாமான் தேவைப்படாமத்தான் இருந்திருக்கு.

காலுறைக்கு நம்ம பழைய வார்த்தையே கதையைச் சொல்லுது. தாத்தா காலத்துல சாக்ஸை 'மேஜோடு'ம்பாங்க. தெலுங்குலயும் மேஜோடு. இந்தியில மோஜா. பாரசீகத்துல மோஸான்னா பூட்ஸ். குதிரை ஏறி வந்தவங்க காலோட ஊருக்குள்ள வந்த வார்த்தை. அப்புறம் துரைமார் காலத்துல சாக்ஸ், ஸ்டாக்கிங்.

நூலால் வாங்கிய விடுதலை

பின்னல் வேலை நம்ம பெண்கள் கைக்கு வந்தது பெரும்பாலும் மிஷன் பள்ளிக்கூடம் வழியா. அதுல நாகர்கோவில் கதை மட்டும் எல்லாரும் தெரிஞ்சுக்கணும். லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819ல் அங்க வந்தாங்க. பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி ஆரம்பிச்சு, 1821 வாக்குல லேஸ் பின்னக் கத்துக்கொடுத்தார் மார்த்தா. திருவிதாங்கூர்ல அப்ப அடிமை முறை இருந்த காலம். சட்டப்படி அது ஒழிஞ்சது 1855ல். அதுக்கு முன்னாலேயே அந்தப் பள்ளியில படிச்ச அடிமைப் பெண்கள் சிலர், லேஸ் வித்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கிட்டாங்கன்னு மிஷன் பதிவுகள் சொல்லுது. நூலுல முடிச்சுப் போட்டே கால் விலங்கை அவிழ்த்திருக்காங்க!

அந்த மால்ட் தம்பதியின் மகள் எலைசா. அவர் 1844ல் கல்யாணம் பண்ணிக்கிட்டது, திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதின நம்ம கால்டுவெல்லை. எலைசா அம்மாகிட்ட கத்துக்கிட்ட லேஸ் வேலையை திருநெல்வேலிச் சீமைக்குக் கொண்டு போய்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். எந்த ஊர்ல தெரியுமா? இடையன்குடி. இடையஞ்சாவடிக்காரனுக்கு இதுல ஒரு அல்ப சந்தோஷம், கண்டுக்காதீங்க :-)

மகாராணி மறுத்த மெஷின்

இப்ப ஹோசியரிக்கு வருவோம். இங்கிலாந்துல நாட்டிங்ஹாம் பக்கம் கால்வர்டன் ஊர்ப் பாதிரியார் வில்லியம் லீ. 1589ல் காலுறை பின்னுற சட்டம் ஒண்ணைக் கண்டுபிடிச்சார். முதல் எலிசபெத் மகாராணிகிட்ட காப்புரிமை கேட்டார், கிடைக்கல. கையால பின்னிப் பிழைக்கிற ஏழைங்க பிச்சைக்காரங்களாயிடுவாங்கன்னு ராணி கவலைப்பட்டதா வழிவழியா ஒரு கதை. அவரோட முதல் மெஷின்ல அங்குலத்துக்கு எத்தனை ஊசி தெரியுமா? எட்டு! என் சைக்கிள் கம்பிக் கணக்கேதான். அது முரடா இருக்குன்னு, பட்டுக்கு ஏத்த மாதிரி அங்குலத்துக்கு 20 ஊசி வச்சு மறுபடி செஞ்சார். அப்பவும் கதவு திறக்கல. பிரான்ஸுக்குப் போனார். நாலாம் ஹென்றி ஆதரவு குடுத்தார், 1610ல் அவரை ஒருத்தன் குத்திக் கொன்னுட்டான். லீயும் சில வருஷத்துல அங்கேயே இறந்துட்டார். அவர் தம்பி மெஷின்களை இங்கிலாந்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தப்புறம்தான் தொழில் வளர்ந்தது.

200 வருஷம் கழிச்சு அதே நாட்டிங்ஹாம்ல, அதே மாதிரி சட்டங்களை ராத்திரியில வந்து உடைச்சாங்க. 1811ல் ஆரம்பிச்ச லுடைட் கலகம். "மெஷினுக்கு எதிரானவங்க"ன்னு பாடப் புத்தகத்துல ஒரு வரியில முடிச்சிருப்பாங்க. உண்மையில அவங்களே மெஷின்ல வேலை செய்த காலுறைத் தொழிலாளிங்க. அவங்க கோபத்துல பெரிய பங்கு கூலி குறைஞ்சதுக்கும், 'கட் அப்' காலுறைக்கும். அதென்ன கட் அப்? காலோட வடிவத்துக்குப் பின்னாம, அகலமா ஒரு துணியைப் பின்னி, கத்தரியால வெட்டி, ஓரத்தைத் தைச்சுக் காலுறைன்னு விக்கிறது. சீக்கிரம் தையல் விடும், தொழிலுக்கே கெட்ட பேரு. மெஷின் உடைச்சா தூக்குன்னு 1812ல் பார்லிமெண்ட்ல சட்டம் வந்தப்ப, பிரபுக்கள் சபையில அதை எதிர்த்துப் பேசினவர் கவிஞர் பைரன்.

பெரியம்மா காலுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னது எதை? தையலை. 200 வருஷத்துக்கு முன்னால சில பேரு உயிரைக் குடுத்து வேண்டாம்னு சொன்னதுலயும் அந்தத் தையலுக்குப் பங்கு இருக்கு. இதைப் படிச்ச அன்னைக்கு எனக்குக் கொஞ்ச நேரம் பின்ன ஓடல.

இந்தியாவுல முதல் ஹோசியரி ஆலை 1893ல் கல்கத்தா கிதர்பூர்ல வந்தது. அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு வர 30 வருஷத்துக்கு மேல ஆச்சு. 1925ல் திருப்பூர்ல குலாம் காதர் ஆரம்பிச்ச பேபி நிட்டிங் இண்டஸ்ட்ரீஸ்தான் அந்த ஊரோட முதல் பின்னல் ஆலைன்னு சொல்றாங்க. கையால சுத்துற மெஷின். வட்டமா ஊசி, குழாய் மாதிரி துணி. காலுக்குப் பின்னின குழாயையே அகலமாக்கினா உடம்புக்குப் பனியன். பழைய பனியனுக்குப் பக்கவாட்டுல தையல் இருக்காது, கவனிச்சிருப்பீங்க. இப்ப தெரியுதா, சாக்ஸ் பேரு பனியனுக்கு எப்படி ஒட்டுச்சுன்னு? மெஷினும் தொழிலும் கடல் தாண்டி வந்தப்ப பேரையும் கூடவே கூட்டிட்டு வந்துடுச்சு. சாக்ஸை மட்டும் வெயில் விரட்டிடுச்சு.

குதிகால் என்னும் கணக்குப் பாடம்

கால் பாகம் நேர்க் குழாய். வட்டமா போய்க்கிட்டே இருக்கலாம், தியானம் மாதிரி. குதிகால்லதான் வித்தை. இதைக் கண்டுபிடிச்ச மனுஷன், மனுஷி, யாரா இருந்தாலும் கும்பிடணும்.

64ல பாதி, 32 கண்ணியை மட்டும் எடுத்துக்கணும். மீதி 32 சும்மா நிக்கும். இந்த 32ல முன்னும் பின்னுமா 32 வரி போனா சதுரமா ஒரு மடல் வரும். அப்புறம் நடுவுல கொஞ்சம் பின்னி, பாதியில திரும்பி, மறுபடி பாதியில திரும்பி, ஒவ்வொரு திருப்பத்துலயும் ஒரு கண்ணியை விழுங்கிக்கிட்டே போனா 32, 18 ஆகும். தட்டையா இருந்த துணி திடீர்னு கிண்ணம் மாதிரி குழியும். அதுக்கப்புறம் மடலோட ரெண்டு ஓரத்துலயும் 16, 16 கண்ணி புதுசா எடுக்கணும். 18ம் 16ம் 16ம், சும்மா நின்ன 32ம் சேர்ந்து 82. மறுபடி வட்டம். ஒரு சுத்து விட்டு ஒரு சுத்துல ரெண்டு ரெண்டா குறைச்சா, ஒன்பது தடவையில திரும்பவும் 64. நேர்க் குழாயா வந்தது 90 டிகிரி திரும்பி நிக்கும், ஒரு தையல் இல்லாம, ஒரு கத்தரி வெட்டு இல்லாம.

குரு அம்மா பார்த்துட்டு சொன்னது: "இனி எல்லாம் இறக்கம்தான், பிரேக் பிடிக்க வேண்டாம்."

கிச்சனர் பெயரில் ஒரு முடிவு

விரல் பக்கம் வந்தா, ஒரு சுத்து விட்டு ஒரு சுத்துல நாலு நாலா குறைக்கணும். 64 பன்னிரண்டு தடவையில 16 ஆகும். மேலே 8, கீழே 8. இதை எப்படி மூடுறது? சேர்த்துத் தைச்சா மறுபடி அதே தடிப்பு. இதுக்குன்னே ஒரு முறை இருக்கு. காது வச்ச ஊசியில நூலைக் கோத்து, பின்னல் எந்த வழியா போகுமோ அதே வழியா மேல் கண்ணிக்கும் கீழ் கண்ணிக்கும் மாத்தி மாத்தி ஓட்டினா, நடுவுல இன்னொரு வரி பின்னின மாதிரியே மூடிக்கும். எங்க மூடினோம்னு விரலால தடவினாலும் தெரியாது. இதுக்குப் பேரு கிச்சனர் தையல்.

எந்தக் கிச்சனர்? 1902ல இருந்து 1909 வரை இந்தியாவுல படைத் தலைமைத் தளபதியா இருந்து, கர்சன் பிரபுவோட மல்லுக்கட்டினாரே, அதே லார்ட் கிச்சனர்தான். 1914ல போர் மந்திரி ஆனார். அவரே இந்தத் தையலைக் கண்டுபிடிச்சார்னு சொல்றதுக்கு ஆதாரம் கிடையாது, பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு. ஆனா அந்தப் பேரு ஒட்டினதுக்குப் பின்னாடி இருக்குறது நிஜமான வேதனை. முதல் உலகப் போர்ல பதுங்கு குழியில நாள் கணக்கா குளிர்ந்த சேத்துத் தண்ணியில நின்ன சிப்பாய்களுக்குக் காலு மரத்து, வீங்கி, அழுகிச்சு. 'டிரெஞ்ச் ஃபுட்'. மருந்துன்னு சொன்னது ரெண்டு: காலைத் துடைச்சுத் திமிங்கில எண்ணெய் தடவு, காய்ஞ்ச சாக்ஸ் மாத்து. சாக்ஸுக்கு எங்க போறது? 1914ல் மேரி ராணி பொதுமக்கள்கிட்ட மூணு லட்சம் ஜோடி கேட்டாங்க. ஊரே பின்னுச்சு.

அந்தக் குழிகள்ல நம்ம ஆளுங்களும் நின்னாங்க. 1914 கடைசியில இந்தியப் படை ஈப்ர பக்கம் இறங்குச்சு, 1915 மார்ச்சுல நியூவ் ஷபேல் சண்டை. வெயில் ஊர்க்காரங்க, பிரெஞ்சுக் குளிர்ல. அந்த 1914ல் லண்டன்ல இருந்த காந்தியிடம், சிப்பாய்களுக்காக வெட்டின துணிக் குவியலைக் குடுத்து, தைச்சுத் திருப்பித் தரணும்னு வேலை வாங்கினவர் சரோஜினி நாயுடு. காந்தி தன் சுயசரிதையில இதை எழுதியிருக்கார்.

பெரியம்மாவுக்கு இந்தப் போர்க் கதையைச் சொன்னேன். திமிங்கில எண்ணெய்னு கேட்டதும், "நாங்க அளத்துல இருந்து வந்தா வெளக்கெண்ணெ தடவுவோம். அவங்களுக்கு ராசா சாக்ஸ் குடுத்தாரு. எங்களுக்கு யாரு குடுத்தா?"ன்னாங்க. நூல்ல இருந்து கண்ணை எடுக்காம "இந்தா நான் குடுக்குறேன்ல"ன்னேன். வேற என்ன சொல்ல?

உப்பளத் தண்ணி பிரெஞ்சுச் சேறு மாதிரி குளிரு கிடையாது, கொதிக்கும். ஆனா வருஷத்துல பாதிக்கு மேல நனைஞ்ச காலு, நனைஞ்ச காலுதான். போர்ல நாலு வருஷம் நின்ன காலைப் பத்திப் புத்தகம் புத்தகமா எழுதி, ஒரு தையலுக்கே தளபதி பேரு வச்சாச்சு. முப்பது வருஷம் அளத்துல நின்ன காலுக்கு ஒரு பதிவாவது எழுதலாமேன்னுதான் இது.

என் கணக்குப்படி ஒரு சாக்ஸுக்கு ஏறத்தாழ பத்தாயிரம் கண்ணி. முதல் சாக்ஸுக்கு ஏழு வாரம், ரெண்டாவதுக்கு நாலு. வெள்ளை நூலு, தளர்ந்த பட்டை, விரல்ல தடிப்பு இல்ல. பெரியம்மா முதல்ல "இன்னாத்துக்குடா காலுக்குச் சட்ட"ன்னாங்க. இப்ப எம்.சி.ஆர் செருப்புக்குள்ள தினமும் போடுறாங்க. எனக்கு சாக்ஸை விடப் பெரிய லாபம் வேற ஒண்ணு. தினமும் ராத்திரி அவங்களே கழட்டி, பல்பு வெளிச்சத்துல உள்பக்கம் திருப்பி, கறை ஏதாவது இருக்கான்னு பார்த்துட்டு, அப்புறம் பாதத்தையும் திருப்பிப் பார்க்குறாங்க. நாலு வருஷமா டாக்டர் சொல்லி நடக்காதது, "புள்ள பின்னிக் குடுத்தது"ன்றதால நடக்குது. இப்ப மூணாவது ஜோடி ஊசியில இருக்கு. அது பெரியம்மாவோட அளத்துச் சேக்காளி ஒருத்தங்களுக்கு.

கடைசியா ஒரு வேண்டுகோள் மக்களே. நம்ம எல்லார் பள்ளிக்கூடத்துலயும் ஒரு தையல் டீச்சர் இருந்திருப்பாங்க. சாக்ஸோ ஸ்வெட்டரோ குரோஷாவோ ஒயர் கூடையோ, அந்தக் கையெல்லாம் இப்ப எழுபதைத் தாண்டியிருக்கும். உங்க வீட்டு ஆத்தா, அத்தை, டீச்சர் யாராவது பின்னுவாங்கன்னா, எந்தப் பள்ளியில, யார்கிட்ட, எந்த வருஷம் கத்துக்கிட்டாங்கன்னு கேட்டு உங்க பக்கத்துல ஒரு பதிவு போடுங்க. கூடவே அவங்க பாதத்தையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துடுங்க.